நாள்பட்ட நோய்க்குப் பின் ஐடி வேலையை விட்டு வெல்னஸ் கோச் ஆவதா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

முடக்குவாதம், லூபஸ், தைராய்டு, குடல் அழற்சி என்று ஏதோ ஒன்று முப்பதுகளில் வந்துவிடுகிறது. சரியான மருத்துவர் கிடைத்து, மருந்து ஒத்துக்கொண்டு, சாப்பாடும் தூக்கமும் ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அதற்குள் சொந்தத்தில் யாருக்கு மூட்டு வலி வந்தாலும் "நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று போன் வர ஆரம்பித்திருக்கும். சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் இரவு ஷிஃப்டும் ரிலீஸ் வாரமுமாக உடம்பைக் கரைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வெல்னஸ் கோச்சாகி, அதாவது நோயோடு வாழ்பவர்கள் சாப்பாடு, தூக்கம், பழக்கங்களை ஒழுங்குக்குக் கொண்டுவரக் கட்டணத்துக்குத் துணை நிற்பவராகி, இதையே தொழிலாக்கினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

எண்ணம் நல்லது. பலருக்குத் தவறுவது பேப்பர் போடும், அதாவது ராஜினாமா கொடுக்கும், தேதி. எந்தெந்த வேலையை முடித்துவிட்டு விடுகிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. அதனால் நான்கு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: அதே வேலையில் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டு தொடர்வது, வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகக் கோச்சிங் செய்வது, வேலையை விட்டு முழுநேரமாகச் சொந்தத்தில் இறங்குவது, வேறொரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஹெல்த் கோச்சாகச் சேர்வது. எடுத்துக்காட்டுகளுக்கு ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்தை எடுத்துக்கொள்கிறோம். உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் மற்ற ஆட்டோஇம்யூன் நோய்களுக்கும் கணக்கு பெரும்பாலும் இதேதான்.

## எதை வைத்து எடைபோடுவது

காப்பீடு. எல்லாவற்றுக்கும் முதலில் வருவது இது. கம்பெனியின் குழுக் காப்பீடு பொதுவாக முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தரும். தனியாக நீங்கள் எடுக்கும் பாலிசி அப்படித் தராது. முன்பே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிகிறது, அதில் சேர்த்திருந்த அம்மா அப்பாவும் அதே நாளில் வெளியே வந்துவிடுகிறார்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

உடம்பின் கணக்கு. மொத்தம் எத்தனை மணி நேர வேலை என்பதோடு, எந்த நேரத்து வேலை என்பதும் முக்கியம். முடக்குவாதக்காரருக்குக் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கலாம். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒருமுறை போடுபவர்களில் பலருக்கு மறுநாள் குமட்டலும் மந்தமும் இருக்கும். வேலை இந்த நேரங்களோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

பணம் எத்தனை மாதம் தாங்கும். வீட்டுச் செலவு, இஎம்ஐ, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, புதிய பிரீமியம் எல்லாம் சேர்த்து ஒரு மாதத் தொகையைப் போடுங்கள். வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் அதைப்போல் 9 மடங்கும், உங்கள் வருமானம் ஒன்றுதான் என்றால் 18 மடங்கும் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பிஎஃப் பணத்தை இதில் சேர்க்காதீர்கள்.

தகுதி. நோயை அனுபவித்ததால் பரிவு வருகிறது, கோச்சிங் திறமை தனியாகக் கற்க வேண்டியது.

திரும்பி வரும் வழி. ஒரு வருடம் கழித்து சரிப்படவில்லை என்றால் பழைய துறைக்குத் திரும்ப முடியுமா?

## ஒரே பார்வையில்

| | அதே வேலை, புதிய நிபந்தனை | வேலையோடு பகுதிநேரம் | முழுநேரச் சொந்தத் தொழில் | சம்பளத்துக்கு ஹெல்த் கோச் |
|---|---|---|---|---|
| காப்பீடு | தொடரும் | தொடரும் | நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும் | புது நிறுவனம் தரும், இடைவெளியில் ஆபத்து |
| நோய் தீவிரமாகும் வாரத்தில் | சிக் லீவ் உண்டு | இரண்டு பக்கமும் சமாளிக்க வேண்டும் | வருமானம் நிற்கும் | லீவ் உண்டு, டார்கெட் நிற்காது |
| வருமானம் | மாறாது | கொஞ்சம் கூடும் | முதல் வருடம் மிகக் குறைவு | பெரும்பாலும் இப்போதையதைவிடக் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | பதவி உயர்வு தள்ளிப்போகும் | ஓய்வு நாள் பறிபோகும் | ரத்தாகும் அமர்வுகள், ஆள் தேடும் நேரம் | விற்பனை அழுத்தம் |
| திரும்பும் வழி | தேவையில்லை | எளிது | ஒரு வருடத்துக்குப் பின் கடினம் | நடுத்தரம் |

## வழி 1: அதே வேலை, மாற்றிய நிபந்தனைகள்

பலர் இதைக் கேட்டுப் பார்க்காமலேயே பேப்பர் போட்டுவிடுகிறார்கள். "ஹெச்ஆர் ஒத்துக்க மாட்டாங்க" என்பது ஊகம். எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும்.

மருத்துவரிடம் வாங்கும் கடிதத்தில் நோயின் பெயரும் வரலாறும் பக்கம் பக்கமாக இருக்கத் தேவையில்லை. வேலைக்குத் தொடர்புடைய தடைகள் இருந்தால் போதும்: இரவு ஷிஃப்ட் கூடாது, காலை 10 மணிக்கு முன் மீட்டிங் வேண்டாம், ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், வாரம் 3 நாள் வீட்டிலிருந்து வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அரை நாள். இதை மேலாளருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, "90 நாள் முயன்று பார்ப்போம்" என்று முடியுங்கள். நிரந்தரச் சலுகை என்றால் தயங்குபவர்கள் 90 நாளுக்குச் சரி என்பார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் நேரடியாகவே இருக்கிறது. முடக்குவாதத்தின் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் மூட்டுகள் கோணி அசைவு குறைந்திருந்தால் இயக்கக் குறைபாடாக மதிப்பிடக் கேட்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

இதன் விலை வேறு மாதிரி. முக்கியமான புராஜெக்ட் கைமாறும், ரேட்டிங் ஒரு படி இறங்கலாம், கூடவே சேர்ந்தவர்கள் மேலே போவார்கள். அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நோய் இன்னும் கட்டுக்குள் வராதவர்கள், பயாலஜிக் எனப்படும் உயிரியல் மருந்து ஊசியில் இருப்பவர்கள், வீட்டுக்கடன் பாதியில் நிற்பவர்கள் ஆகியோருக்கு இப்போதைக்கு இதுதான் சரி. உண்மையில் வெறுப்பது வேலையையா, ஷிஃப்டையா என்பதும் இந்த 90 நாளில் தெளிந்துவிடும்.

## வழி 2: வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரம்

முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளிவேலை பற்றிய பிரிவைப் படியுங்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியது. அடுத்த மாதமே இன்போசிஸ், மேலாளரின் முன் அனுமதியோடு வெளிவேலை பார்க்கலாம் என்று ஊழியர்களுக்கு எழுதியது. நிறுவனத்துக்கு நிறுவனம் நிலை இவ்வளவு மாறுகிறது. கோச்சிங் போட்டித் தொழில் இல்லைதான், இருந்தாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். கூட வேலை பார்ப்பவர்களையே வாடிக்கையாளர் ஆக்காதீர்கள், அவர்களுடைய நோய்க் கதைகள் உங்களுக்குத் தெரிந்திருப்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

இந்த வழியில் எதிர்பாராமல் இடிப்பது ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகும் முடக்குவாதக்காரர்கள் பலர், திங்கட்கிழமை பாதிக்கக் கூடாது என்று மெத்தோட்ரெக்சேட்டைச் சனி இரவு போடுகிறார்கள். ஞாயிறு முழுக்க வாய் கசந்து, தலை கனத்துக் கிடப்பார்கள். பகுதிநேரக் கோச்சிங்குக்கு ஆட்கள் கேட்பதும் அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் நாலாவது வாரமே அமர்வுகள் ரத்தாக ஆரம்பிக்கும். மாத்திரை போடும் கிழமையை மாற்ற வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் என்ற விதி எக்காரணம் கொண்டும் தவறக் கூடாது. வார மாத்திரையைத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று வாடிக்கையாளர்களுக்கு மேல் இந்தக் கட்டத்தில் வேண்டாம். சனிக்கிழமை 11 மணிக்கும் 12 மணிக்கும் இரண்டு அமர்வு, வார நாள் மாலையில் ஒன்று, அவ்வளவுதான். கட்டணம் வாங்குங்கள், ரூ.300 ஆனாலும் சரி. இலவசமாக வருபவர் சொன்னபடி வருவதில்லை, வராததற்கும் அவருக்கு வருத்தமில்லை. அதை வைத்து இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்று எடைபோட முடியாது.

முழுநேரமாகப் போக நினைப்பவர்களில் பெரும்பாலானோர் ஆறு மாதமாவது இந்த வழியில் நடந்துவிட்டுப் போவதே நல்லது. விதிவிலக்கு ஒன்று உண்டு: வேலையே நோயைத் தூண்டிக்கொண்டிருந்து, வழி 1ஐக் கேட்டும் மறுத்துவிட்டார்கள் என்றால், அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது உடம்புக்குச் செய்யும் தீங்கு.

## வழி 3: முழுநேரச் சொந்தத் தொழில்

கனவு இதுதான், அதனால் கணக்கும் இங்கேதான் அதிகம் வேண்டும்.

உங்களால் வாரம் 25 மணி நேரம் தெளிவாக வேலை செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். புது ஆட்களைத் தேடுவது, ரீல்ஸ், விசாரிப்புகளுக்குப் பதில், கணக்கு வழக்கு இவற்றுக்கு 8 மணி நேரம் போகும். மிச்சம் 17. ஓர் அமர்வு 45 நிமிடம், அதற்குக் குறிப்பு எழுத 15 நிமிடம், இடையில் வாட்ஸ்அப்பில் 20 நிமிடம் என்று ஒருவருக்கு ஒரு மணி 20 நிமிடம் ஆகும். ஆக, வாரத்துக்கு 12 அமர்வு. மாதம் 48. அதில் 6 ரத்தாகும் என்று கழித்தால் 42. அமர்வுக்கு ரூ.1,000 என்றால் மாதம் ரூ.42,000. பேமென்ட் கேட்வே சுமார் 2 சதவீதம் பிடிக்கும், வீடியோ சந்தா, பிரீமியம், வருமான வரி எல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். இத்தனையும் 12 இடமும் நிரம்பியிருந்தால் வரும் தொகை. முதல் ஆறு மாதம் பாதி நிரம்பினாலே பெரிய விஷயம். அதோடு காலாண்டில் ஒரு வாரம் நோய் தீவிரமானால், அந்த மூன்று மாத வருமானத்தில் கிட்டத்தட்ட 8 சதவீதம் போய்விடும்.

நேரமும் இடிக்கும். வேலைக்குப் போகும் வாடிக்கையாளர்கள் கேட்பது காலை 6 முதல் 8 வரை, இல்லாவிட்டால் இரவு 8 முதல் 10 வரை. காலை நேரம் உங்களுக்குக் கை விரல் மடங்காத நேரம். அதனால் யாருக்கு வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட அம்மாக்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் காலை 11 மணி தோதாக இருக்கும். சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களுக்கு இரவு 8 மணி என்பது நமக்கு மாலை 5.30. துபாய்க்காரருக்கு இரவு 9 என்றால் நமக்கு 10.30, அது வேண்டாம். கைக்கு ஓய்வு கிடைக்க, குறிப்புகளைக் குரல் வழியாகப் பதிவு செய்யப் பழகிக்கொள்ளுங்கள். தினம் நாலு அமர்வுக்குத் தட்டச்சு செய்தால் மணிக்கட்டு வாரக் கடைசியில் பதில் சொல்லும்.

12 வாரத் தொகுப்பாகக் கட்டணத்தை முன்பணமாக வாங்குவது வழக்கம். நல்ல முறைதான், ஆனால் நடுவில் நீங்கள் படுத்துவிட்டால் அது கடன். முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, தொகுப்பு முடியும்வரை தொடாதீர்கள். "கோச் உடல்நலக் காரணமாக அமர்வு மாற்றினால் 3 வாரத்துக்குள் ஈடு, இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

பணத்தில் வராத ஒரு செலவும் உண்டு. உங்கள் நோய்க் கதையை வைத்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். "நான் முழுசா குணமாகிட்டேன்" என்று ஆரம்பித்துவிட்டால், அடுத்த முறை மூட்டு வீங்கும்போது அதை ஒளிக்க வேண்டியிருக்கும். வீங்கிய விரலைக் கேமராவுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒருவருக்கு நம்பிக்கை சொல்வது மிகவும் களைப்பான வேலை. முடக்குவாதம் அடங்கியிருக்கும், அற்றுப்போவது அரிது. முதல் நாளிலிருந்தே "கட்டுக்குள் இருக்கிறது, மருந்து எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது உண்மை, உங்களைக் காப்பாற்றவும் செய்யும். நாள் முழுக்கப் பிறர் வலியைக் கேட்பதும் சுமைதான். மாதம் ஒருமுறையாவது மூத்த கோச் ஒருவரோடு பேசும் ஏற்பாட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

வரிப் பக்கம் சுருக்கமாக: சேவை வருமானம் வருடம் ரூ.20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மருத்துவச் சேவைக்குள்ள விலக்கு கோச்சிங்குக்குக் கிடையாது. கம்பெனிகளுக்கு வொர்க்‌ஷாப் எடுத்தால் டிடிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடித்துக்கொண்டு தருவார்கள், பணமும் தாமதமாகும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்திருந்தால் 45 நாளுக்குள் பணம் கேட்கச் சட்டம் துணை நிற்கும். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கணவன் அல்லது மனைவியின் கம்பெனிக் காப்பீட்டில் ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கு, ஒரு வருடமாக மருந்தின் அளவு மாறாமல் நோய் அடங்கியிருப்பவருக்கு, இதுவரை மொத்தம் ஐந்து பேராவது பணம் கட்டி வந்திருப்பவருக்கு. மூன்றில் இரண்டு இருந்தால் யோசிக்கலாம். காப்பீடு இல்லாமல் மற்ற இரண்டு மட்டும் இருந்தால், பொறுங்கள்.

## வழி 4: சம்பளத்துக்கு ஹெல்த் கோச்

சர்க்கரை நோய், உடல் எடை போன்றவற்றுக்குச் செயலி வழியாகச் சேவை தரும் நிறுவனங்களும், பெரிய மருத்துவமனைகளும் கோச்சுகளையும் நோயாளிக் கல்வியாளர்களையும் வேலைக்கு எடுக்கின்றன. பலவற்றில் ஊட்டச்சத்து, பிசியோதெரபி, நர்சிங், உளவியல் என்று ஏதாவது ஒரு பட்டம் கேட்பார்கள். பிஇ படித்துவிட்டு நோய் அனுபவத்தோடு மட்டும் போனால் கதவு திறப்பது கடினம். ஆனால் இதே நிறுவனங்களில் புராடக்ட், ஆபரேஷன்ஸ், தரப் பரிசோதனை வேலைகளுக்கு உங்கள் பழைய அனுபவம் நேராகப் பயன்படும். கோச்சிங் உலகத்தை உள்ளே இருந்து பார்க்க அதுவும் ஒரு வாசல்.

நேர்காணலில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: ஒரு கோச்சுக்கு எத்தனை வாடிக்கையாளர்? திட்டத்தைப் புதுப்பிக்க வைக்கும் விற்பனை டார்கெட் உண்டா? சிக்கலான கேஸை எந்த மருத்துவரிடம் ஒப்படைப்பது? குழுக் காப்பீடு முன்பே இருக்கும் நோயை முதல் நாளிலிருந்து ஏற்கிறதா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அது கால் சென்டர் வேலைதான், பெயர் மட்டும் வேறு.

## தகுதி, எல்லை, சட்டம்

வெல்னஸ் கோச் என்று பெயர்ப் பலகை வைக்க இந்தியாவில் உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்பதாலேயே சந்தையில் நம்பிக்கை குறைவு. அதற்குப் படிப்புதான் மருந்து.

அமெரிக்காவின் ஹெல்த் அண்ட் வெல்னஸ் கோச்சிங் தேசிய வாரியத்தின் தேர்வை எழுத, அவர்கள் அங்கீகரித்த பயிற்சியும், குறைந்தது 20 நிமிடம் வீதம் 50 அமர்வுகள் நடத்திய பதிவும் வேண்டும். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப்பின் முதல் படிக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர அனுபவம், மூத்த கோச்சிடம் 10 மணி நேர வழிகாட்டுதல் (மென்டார் கோச்சிங்). யோகாவைச் சேர்க்க விரும்பினால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றிதழ் வாரியத்தின் முதல் நிலைக்கு 200 மணி நேரம், இரண்டாம் நிலைக்கு 400 மணி நேரம். நோய்க்கான உணவுத் திட்டம் போடுவதுதான் ஆசை என்றால் குறுக்குவழி கிடையாது. அதற்கு உணவியல் பட்டப்படிப்பு படித்து டயட்டீஷியன் ஆக வேண்டும்.

வார இறுதிக் கோர்ஸ் விளம்பரங்களில் ஒன்றை மட்டும் பாருங்கள்: நீங்கள் நடத்தும் அமர்வை ஆசிரியர் உட்கார்ந்து கேட்டுத் திருத்துவாரா? இல்லையென்றால் அது வீடியோத் தொகுப்பு, அதற்கு அவ்வளவு பணம் கொடுக்காதீர்கள்.

கோச் செய்யக் கூடாதவை தெளிவானவை. நோயைக் கண்டறியக் கூடாது, பரிசோதனை முடிவுக்கு விளக்கம் சொல்லக் கூடாது, மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லக் கூடாது. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு, மயங்கி விழும் நிலை வரலாம். "இயற்கையானதுதானே" என்று சொல்லும் மூலிகையும் அப்படித்தான். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. விவாதம் எப்படிப் போனாலும், கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு அதைப் பரிந்துரைக்க ஒரு கோச்சுக்கு உரிமை இல்லை.

முதல் சந்திப்புப் படிவத்தில் மருத்துவர் பெயர், மருந்துகள், கடைசிப் பரிசோதனைத் தேதி, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண் இருக்கட்டும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், கறுப்பு மலம், திடீர்ப் பார்வைக் குறைவு என்றால் அமர்வை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உயிரை விடும் பேச்சு வந்தால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐக் கொடுத்து, வீட்டாரிடம் பேசாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

விளம்பரத்தில் கவனம் வேண்டும். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய், உடல் பருமன், வாதம், லூபஸ் எல்லாம் இருக்கின்றன. பொடியோ எண்ணெயோ சேர்த்து விற்றுக்கொண்டு இவற்றைக் குணப்படுத்தும் என்று போட்டால் குற்றம். 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தகுதி உள்ளவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மற்றவர்கள், தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை என்று தெளிவாகப் போட வேண்டும்.

## 12 வார ஒத்திகை

வழி 2இல் இருக்கும்போதே இதைச் செய்து பாருங்கள். மூன்று வாடிக்கையாளர், 12 வாரம். தினமும் ஒரு நோட்டில் நான்கே எண்கள்: தூங்கிய மணி நேரம், காலை விறைப்பு எத்தனை நிமிடம், வலி 10க்கு எத்தனை, அன்றைக்கு ரத்தான அமர்வுகள். அமர்வு நாளுக்கு மறுநாள் விறைப்பு கூடுகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

12 வாரத்தில் 36 அமர்வு வரும். உங்கள் உடம்பால் ரத்தானவை நாலுக்கு மேல் போனால், முழுநேரத்துக்கு இது காலமில்லை. மூவரில் இருவராவது தொடர விரும்பிப் பணம் கட்டினால் தொழில் நிற்கும் என்பதற்கு நல்ல அடையாளம். ஒருமுறையாவது நோய் தீவிரமான வாரத்தைக் கடந்து பார்க்காமல் இந்த ஒத்திகையை முடிந்ததாக எண்ணாதீர்கள், தேவைப்பட்டால் நீட்டுங்கள்.

## விடுவதென்று முடிவானால், எந்த வரிசையில்

ஆறு மாதம் முன்: குழுக் காப்பீடு எந்தக் காப்பீட்டு நிறுவனத்துடையது என்று பாருங்கள். அதே நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாறும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. மாறினால், குழுவில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்திலிருந்து குறைக்கப்படும். அவர்கள் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் இடமுண்டு. அதனால்தான் இவ்வளவு முன்பே. படிவத்தில் நோயை மறைக்கவே மறைக்காதீர்கள். தொடர்ந்து 60 மாதம் ஆகும்வரை அதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியும், மோசடி என்று நிரூபித்தால் அதன் பிறகும். பயாலஜிக் எடுப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள்: மருத்துவமனையில் வைத்து ஏற்றும் ஊசிக்கு எவ்வளவு வரம்பு? வீட்டில் தானே போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

நான்கு மாதம் முன்: பணிக்கொடையைக் கணக்கிடுங்கள். கடைசி மாதச் சம்பளத்தில் பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கும் பகுதியை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்கினால் வருவது. அந்தப் பகுதி ரூ.40,000, வேலை 7 வருடம் என்றால் சுமார் ரூ.1,61,500. நிரந்தர ஊழியருக்கு 5 வருடம் நிறைய வேண்டும், எல்லைக் கோட்டில் நிற்பவர்கள் சில மாதம் பொறுப்பது லாபம். நோயால் வேலை செய்ய இயலாமல் போய் விலகுபவருக்கு இந்த 5 வருட நிபந்தனை கிடையாது. பிஎஃப்பை 5 வருடத்துக்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. ஊழியர் ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை தேவை. பிஎஃப்போடு இணைந்த, ரூ.7 லட்சம் வரையிலான இறப்புக் காப்பீடும் வேலையோடு போய்விடும், அதற்கு ஈடாக டெர்ம் பாலிசி என்ற ஆயுள் காப்பீடு கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள்.

மூன்று மாதம் முன்: புது பாலிசி கையில் வந்த பிறகு பேப்பர் போடுங்கள். நோட்டீஸ் பீரியட் 60 முதல் 90 நாள் வரை இருக்கும். பாலிசி வருவதற்கு முன் போட்டால், மறுப்புக் கடிதம் வரும்போது திரும்பப் பெற வழி இருக்காது. காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டால் வழி 1க்கும் 4க்கும் திரும்புங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்குத் தனித் துறை இருக்கிறது, மாதாந்திரச் சிகிச்சையை அங்கே மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்பவர்களும் உண்டு. அதற்குக் காலையில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டு வாரம்: குழுக் காப்பீடு இருக்கும்போதே, மருத்துவமனையில் தங்கிச் செய்ய வேண்டிய சிகிச்சை ஏதாவது தள்ளிப்போட்டிருந்தால் முடித்துவிடுங்கள். கம்பெனி தரும் இலவச ஹெல்த் செக்கப் பாக்கி இருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணைப் பாதிக்கக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை எடுப்பவர்கள் கண் பரிசோதனையையும் பாருங்கள். சேர்ந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் உங்கள் பெயர் இருந்த குழு பாலிசியின் நகலை ஹெச்ஆரிடம் எழுதிக் கேட்டு வாங்கி, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஆபீஸ் ஐடி முடங்கிய பிறகு அந்த நகல்களை வாங்குவது பெரும்பாடு.